இருபது வளைவு, இருபது வருஷம்

ஆகஸ்ட் 7, 2025, வியாழன் – சேலம்

மதுரையிலிருந்து சேலம் வரும்வரை ஜன்னலோர இருக்கை கிடைத்தும் தூங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் கரூர்வரைக்கும் தன் மருமகனைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் தோளைத் தட்டி, "நான் சொன்னதை எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க தம்பி, அவன் நல்ல பையன்தான்" என்றார். மூன்று மணி நேரம் கேட்டதற்கு இதுதான் தீர்ப்பு.

புதிய பேருந்து நிலையத்தில் நண்பன் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். எப்படி இருக்கிறாய், வீட்டில் சௌக்கியமா, எதுவும் கிடையாது. வாயைத் திறந்ததும், "டிரைவ் கிடைச்சிருச்சு மாப்ள" என்றான்.

டிரைவ் என்றால் டிவிடி போடும் பெட்டி. இப்போது வரும் லேப்டாப்பில் அதெல்லாம் வருவதில்லை. தெரிந்த கல்யாண ஸ்டுடியோ ஒன்றில் தனியாக ஒயர் செருகுகிற மாதிரி ஒன்று தூசி படிந்து கிடந்திருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற கண்டிஷனோடு வாங்கி வைத்திருந்தான்.

எதற்கு இந்த ஏற்பாடு என்று சொல்லிவிடுகிறேன். நைட்விஷ் என்று பின்லாந்தில் ஒரு மெட்டல் குழு. கிதே என்கிற சின்ன ஊரில் 1996இல் ஆரம்பித்தது. டிரம்ஸும் கிதாரும் இடி இடிக்கும். அதற்கு மேலே ஓப்பரா பயின்ற தார்யா துருனென் பாடுவார். கூடவே வயலின்கள், கோரஸ் என்று சினிமாவுக்குச் சேர்க்கிற மாதிரி ஒரு படையே வரும். இதைத்தான் சிம்ஃபோனிக் மெட்டல் என்கிறார்கள். 2005 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை இரவு, ஹெல்சிங்கியின் ஹார்ட்வால் அரீனாவில் அந்த வருஷப் பயணத்தின் கடைசிக் கச்சேரி. அது முடிந்ததும் மற்ற நான்கு பேரும் பாடகியின் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். இனி நீங்கள் எங்களோடு இல்லை என்று கடிதம். மறுநாள் அதையே ஊரறிய இணையத்திலும் போட்டுவிட்டார்கள். அந்தக் கச்சேரியின் ஒளிப்பதிவு 2006 ஜூனில் 'எண்ட் ஆஃப் அன் எரா' என்ற பெயரில் வெளியானது.

நாங்கள் அப்போது சேலத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம். ஹாஸ்டலில் நாங்கள் பார்த்தது நகலுக்கு நகல் எடுத்த டிஸ்க். முகம் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ஒரிஜினலை அவன் பின்னால் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கினான். ஹாஸ்டல் காலத்திலிருந்தே எங்கள் இரண்டு பேருக்கும் சண்டைதான். அவன் பாடகி கட்சி. நான் அந்த நான்கு பேர் கட்சி. இதற்காக ஒரு முறை பதினோரு நாள் பேசாமல் இருந்தோம் என்று இப்போது சொன்னால் என் மனைவிகூட நம்ப மாட்டேன் என்கிறாள். இந்த வருஷம் அந்தக் கச்சேரிக்கு இருபது ஆகிறது. ஏற்காட்டில் ஒரு வீடு பிடித்து, முழுசாக, நடுவில் நிறுத்தாமல், பெரிய சத்தத்தில் பார்ப்பது என்று போன பொங்கலிலேயே பேசி வைத்தோம்.

ராத்திரி சாப்பாடு தட்டுவடை செட். சேலத்துக்காரர்கள் இதைச் சிற்றுண்டி என்பார்கள். நாலு செட் உள்ளே போனால் அது சாப்பாடுதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தள்ளுவண்டி. கடைக்காரர் தட்டைகளை வரிசையாக அடுக்கி, சிவப்புச் சட்னி ஒரு தீற்றல், பச்சைச் சட்னி ஒரு தீற்றல், நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் துருவலாக ஒரு பிடி, மேலே இன்னொரு தட்டை வைத்து அழுத்துகிறார். கை நிற்பதே இல்லை. செட் முப்பது ரூபாய். நான் படித்த காலத்தில் ஐந்து ரூபாய் என்று சொன்னேன். "அப்ப நீங்க அப்பவே நிறைய சாப்பிட்டிருக்கணும் சார்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். கடைசியில் ஒரு நொறுக்கல் வாங்கினோம். அதில் என்னென்ன உடைத்துப் போடுகிறார் என்று இந்தத் தடவையும் எண்ணி முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி – பட்டறை, அப்புறம் மலை

நாலாவது ஆடி வெள்ளி. ஐந்து மணிக்கே தெருமுனை மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் எழுப்பிவிட்டது. சேலத்தில் ஆடி மாதம் தூக்கம் வேண்டும் என்று நினைப்பவன் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

நண்பனுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பி.இ. படித்து, சென்னையில் மூன்று வருஷம் குப்பை கொட்டி, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் திரும்பி வந்தவன். "நீ பாட்டு கேக்கற மெட்டல்காரன், நான் வேலை செய்யற மெட்டல்காரன்" என்பான். இருபது தடவையாவது கேட்ட ஜோக். ஆனால் இந்த வருஷம் சிரிப்பில் ஜீவன் இல்லை. வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிப் போய்விட்டதால், கடைக்காரர்கள் எடை குறைத்துக் கேட்கிறார்களாம். கம்பி இளைத்தால் கொலுசு சீக்கிரம் அறுந்துவிடும்; அறுந்தால் திட்டு பட்டறைக்குத்தான்.

மதியம்வரை ஓரமாக ஸ்டூல் போட்டு வேடிக்கை பார்த்தேன். ஒரு அம்மா வளையங்களைக் கோத்துக்கொண்டே இருந்தார். ஒரு பையன் ஊதுகுழலில் தீயை ஊசி மாதிரி ஆக்கி, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்தான். மெருகு போட்டு வந்த ஜோடிகளை நண்பன் ஒன்று ஒன்றாக எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு குலுக்கு குலுக்கினான். எட்டாவது ஜோடியை ஒதுக்கி வைத்தான். "இதுல ஒரு மணி ஊமை" என்றான். வாங்கி நானும் குலுக்கினேன். எல்லாம் ஒரே மாதிரிதான் ஜலஜலத்தது. அவன் பிடுங்கி, ஒவ்வொரு மணியாக நகத்தால் சுண்டி, பதிமூன்றாவதில் நிறுத்தினான். ஆமாம், அதில் மட்டும் சத்தம் வரவில்லை. அத்தனை மணிச் சத்தத்துக்குள்ளே ஒரு மணி பேசாமல் இருப்பதைக் கேட்கிற காது. ஹாஸ்டலில் நான் கிதாரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இவன் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நாலு மணிக்கு மலைக்குப் பேருந்து. அடிவாரம் தாண்டியதும் மழை. ஏற்காட்டுக்கு ஏற மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவின் எண்ணையும் பலகையில் எழுதி நட்டிருப்பார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டோம். டிவிடியை இரவுதான் பார்ப்பது என்று சத்தியம். அதனால் போனில் அதே குழுவின் 2013 பதிவு. ஜெர்மனியின் வாக்கென் விழாவில் ஃப்ளோர் யான்சென் பாடியது. 2012 அக்டோபரில், பயணத்தின் பாதியில் அவசரத்துக்கு வந்து சேர்ந்தவர். பத்து நிமிஷம் ஓடும் 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' ஏழாவது வளைவில் ஆரம்பித்துப் பதினைந்தாவதில் முடிந்தது.

அந்தப் பாட்டின் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு ஃப்ளோர்தான். இதை என் கட்சி, அவன் கட்சி என்றெல்லாம் பார்க்காமல் சொல்கிறேன். குரல் ஏறுகிறது, முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொரு படி ஏறுகிறது. சுத்தம், பலம், எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு அதைக் கேட்டால் கைதட்டத் தோன்றும். 2005 பதிவைக் கேட்டால் கைதட்டத் தோன்றாது, கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஏன் என்று நண்பனிடம் கேட்க வாயெடுத்தபோது முன்சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அதன் அம்மா தலையில் அடித்துக்கொள்வதற்குள், பின்னாலிருந்து ஒரு பாட்டி பாதி எலுமிச்சம்பழத்தை நீட்டினார். இன்னொருவர் பழைய நாளிதழ். கண்டக்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி, சாக்கு ஒன்றை எடுத்துவந்து தரையில் போட்டார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எலுமிச்சை கடைசியில் கைமாறி எங்களிடமும் வந்தது. பதினெட்டாவது வளைவில் எனக்கே அது தேவைப்பட்டது.

வீடு காப்பித் தோட்டத்துக்குள். தகரக் கூரை, இரண்டு அறை, ஒரு இரவுக்கு இரண்டாயிரத்து ஐநூறு. பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அறுபது இருக்கும். இந்த மலையின் மலையாளி இனத்தவர். பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளமா என்று கேட்பவர்கள் நிறைய; இவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அந்த அம்மா கதவைத் திறந்ததும் சொன்ன முதல் சேதி: "கரண்டு மூணு மணிக்கே போயிருச்சுங்க."

எப்போது வரும்?

"மழை நின்னா வருங்க."

மழை எப்போது நிற்கும் என்று கேட்கும் அளவுக்கு நாங்கள் முட்டாள்கள் இல்லை.

கொண்டுபோன பெரிய ஸ்பீக்கர் மூலையில் உட்கார்ந்திருந்தது. லேப்டாப்பில் சார்ஜ் எண்பத்தாறு சதவீதம். பார்த்துவிடலாம் என்றான். டிஸ்க்கைப் போட்டதும் அந்த ஸ்டுடியோ டிரைவ் மாவு மில் மாதிரி ஓடியது. கூரையில் மழை அடிக்கிற அடியில் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கர் கேட்கவே இல்லை. தலையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, போர்வையைக் கூடாரம் மாதிரி மூடிக்கொண்டு பார்த்தோம். இரண்டு பேருக்கும் முப்பத்தெட்டு வயது.

டிஸ்க்கில் கச்சேரிக்கு முந்தைய நாட்களைப் பற்றி ஒரு ஆவணப்படமும் இருக்கிறது. அதை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். வேண்டாம், அதைப் பார்த்தால் கச்சேரியைப் பார்க்கிற கண் கெட்டுவிடும் என்றான். ஹாஸ்டலில் இதையே நான்தான் சொல்வேன், அவன் மறுப்பான். எப்போது இடம் மாறினோம் என்று தெரியவில்லை.

கச்சேரி ஓடியது. எனக்குப் பிடித்ததும் உறுத்துவதும் ஒன்றுதான்: மேடையில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. 2004இல் வந்த ஆல்பத்துக்கு லண்டன் ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது. மேடையில் அது பதிவாகத்தான் ஓடுகிறது. கீபோர்டுக்காரர் துவோமாஸ் ஹோலோபைனன்தான் இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். அவருக்கும் இரண்டு கைதானே? இப்படிப் பதிவோடு சேர்ந்து வாசிக்கும் குழுக்களில் டிரம்மரின் காதில் டிக் டிக் என்று தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அரை நொடி தவறினால் மொத்தமும் கோணல். பாடுகிறவர் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த வயலின்கள் காத்திருக்காது. நம் ஊர்க் கோயிலில் நாதஸ்வரக்காரர் ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தவில்காரரும் சிரித்துக்கொண்டே நிற்பார். இங்கே நிற்க ஆள் இல்லை. விதின் டெம்ப்டேஷன் என்ற டச்சுக் குழு 2008 பிப்ரவரியில் ராட்டர்டாமில் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவையே மேடையேற்றி ஒரு கச்சேரி செய்து பதிவாக வெளியிட்டார்கள். பார்க்க அது கண்ணுக்கு விருந்து. ஆனாலும் ஹெல்சிங்கிப் பதிவில், நிற்காமல் ஓடும் ஒன்றின் மேலே ஏறி நின்று ஒரு பெண் பாடுகிறார் என்பதே எனக்குக் கச்சேரியின் பாதிச் சுவை. நாளைக்கு இந்த வேலை இல்லை என்பது தெரியாமல் பாடுகிறார் என்பது மீதி. இது கொஞ்சம் கொடூரமான ரசனைதான், தெரியும்.

பேஸ் வாசிக்கும் மார்கோ ஹியேதலா தனியாக ஒரு பிங்க் ஃப்ளாய்ட் பாட்டைப் பாடுவார். அதன் நடுவில் லேப்டாப் கண்ணை மூடிக்கொண்டது.

அந்த அம்மா மெழுகுவத்தியோடு வந்து, "படம் முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டுச் சாப்பாடு வைத்தார். சாமை சோறு, மிளகு தூக்கலாக நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம். மிளகு இந்தத் தோட்டத்திலேயே மரத்தில் படர்ந்திருப்பது. நாக்கில் இல்லை, தொண்டையில் போய்த்தான் உறைத்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி – ஏற்காடு

மழை விட்டது, கரண்டு வரவில்லை. இரண்டாவது சனி என்பதால் ஏரிப் பக்கம் போகவே முடியவில்லை. படகுக்கு வரிசை ரோடுவரைக்கும். மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு ஐம்பது ரூபாய். மலை மேல் வந்தால் மிளகாய்க்கும் மவுசு.

ஒரு ஆட்டோ பிடித்து சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலை உச்சியில் சமதளம், அதில் குகைக் கோயில். தலை குனிந்துதான் நுழைய வேண்டும். நாங்கள் போனபோது மேகம் வாசல்வரைக்கும் வந்து நின்றது. முன்னால் போனவரின் சட்டை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. பூசாரி திருநீறு கொடுத்துவிட்டு, "கீழ பாத்து இறங்குங்க, நேத்து ஒருத்தர் வழுக்கிட்டார்" என்றார். இறங்கி ஐந்தாவது நிமிஷம் நான் வழுக்கினேன். முழங்கை சிராய்ப்பு, பேன்ட் முழுக்கச் செம்மண். பேரிக்காய் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழங்கையில் ஊற்றினாள். அதற்காகவே இரண்டு கிலோ வாங்கினோம். கிலோ எண்பது. கல் மாதிரி இருந்தது, ஆனால் கடித்தால் சாறு.

ஒரு மணிக்கு வீடு திரும்பினால் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம். கரண்டு! பெரிய ஸ்பீக்கரைச் செருகி, ஈரப் பேன்ட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்கோவின் பாட்டு முதலிலிருந்து.

சத்தம் கேட்டு அந்த அம்மா எட்டிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து நண்பன் குறைத்தான். "இருக்கட்டுங்க" என்று வாசல்படியில் உட்கார்ந்து, முறத்தில் காப்பிக்கொட்டையைப் போட்டுக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தார். கண் திரையில், கை முறத்தில்.

"மேளக்காரருக்குத்தான் கஷ்டம்" என்றார் முதலில். டிரம்மர் யுக்காவைச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பொண்ணு மூச்சை எங்கங்க விடுது?"

நண்பன் எழுந்தே உட்கார்ந்தான். இருபது வருஷமாக அவன் எனக்குப் புரியவைக்கப் பார்த்தது இதைத்தான். தார்யா மூச்சு எடுக்கும் இடம் தெரியாது. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் தையல் தெரியாத துணி மாதிரி. ஓப்பராப் பயிற்சி, சிபெலியஸ் அகாதமி என்று அவன் அந்த அம்மாவுக்கு விளக்க ஆரம்பித்தான். அவர் காதில் வாங்கவில்லை.

அமெரிக்கப் பழங்குடிக் குழல் வாசிக்கும் ஜான் டூ-ஹாக்ஸ் மேடைக்கு வந்தார். அதுவரை நடந்த இடி முழக்கம் எல்லாம் நின்று, அந்தப் பெரிய அரங்கத்தில் ஒரு மரக்குழல் மட்டும். அந்த அம்மாவின் கை முறத்தில் நின்றது. "இது எங்க பெரியப்பா ஊதறாப்பல இருக்குது. மாடு மேய்க்கறப்ப ஊதுவாரு." அவ்வளவுதான், அப்புறம் பாட்டு முடியும்வரை பேசவில்லை. நானும் நண்பனும் இந்த இடத்தை எப்போதும் ஓட்டிவிடுவோம். கூட்டத்துக்கு மூச்சு வாங்க விட்ட இடைவெளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டு. ஆட்டம் போட வைக்கிற பாட்டு. நல்ல வேகம், எல்லோரும் குதிக்கிறார்கள். முடிந்தது. ஆயிரக்கணக்கில் கைகள். இந்த இடத்தில் நாங்கள் இருவரும் வழக்கமாக முகங்களைத் தேடுவோம். இவர் முகத்தில் தெரிகிறதா, அவர் கண்ணில் தெரிகிறதா என்று நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி. ஹாஸ்டல் நகலில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களில்கூடத் தேடினோம்.

"அடுத்தது எந்த ஊர்லங்க கச்சேரி?" என்றார் அந்த அம்மா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அடுத்தது இல்லைங்கம்மா" என்றான் நண்பன்.

"ஏனுங்க, காசு தரலீங்களா?"

அவன் சொன்னான். அந்த நாலு பேரும் முன்னாடியே முடிவு பண்ணி வைத்திருந்தது, கச்சேரி முடிந்ததும் கடிதம், மறுநாள் உலகத்துக்கே தெரிந்தது, பாடகி பதிலுக்குப் பேசியது. நடுவில் நான் என் கட்சிக்காக ஒன்றிரண்டு நியாயங்களைச் செருகினேன். பழக்கதோஷம். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அன்னிக்கி ராத்திரி அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சுங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

யார் பக்கம் நியாயம் என்று இருபது வருஷம் பேசியிருக்கிறோம். பாடகியின் கணவர், பணம், விமான டிக்கெட் வரைக்கும் அலசியிருக்கிறோம். பதினோரு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். இது ஒரு தடவைகூட எங்களுக்குத் தோன்றியதில்லை.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் காட்டுமாடு வந்திருக்கிறது என்று யாரோ டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்கள். நண்பன் தானாகவே பட்டறைக் கதையை எடுத்தான். மூன்று வருஷம் முன்பு அவனும் மச்சானும் கூட்டை முறித்துக்கொண்டது எனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. தீபாவளிக்கு இருநூறு ஜோடி ஆர்டர். இவன் ஆவணி மாதமே முடிவெடுத்துவிட்டானாம். சொன்னால் ஆர்டர் கெடும் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை. ஒரே டிபன் கேரியரில் சாப்பாடு. ஆர்டர் டெலிவரி ஆன அன்று சாயங்காலம் கணக்கு நோட்டை எடுத்து வைத்தானாம்.

"அந்த இருநூறு ஜோடியில ஒரு மணிகூட ஊமை இல்ல மாப்ள. அந்த மாதிரி வேலை அப்புறம் நான் செய்யவே இல்ல."

"மச்சான் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. செருப்பைத் தேடினாரு. ரொம்ப நேரம் தேடினாரு. வாசல்லதான் இருந்துச்சு."

இத்தனை நாள் பாடகி கட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஆவணப்படத்தை ஏன் பார்க்க மாட்டேன் என்றான் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பேரிக்காய் ஒன்றை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு இருவரும் தின்றோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – இறக்கம்

காலையில் நல்ல வெயில். மூன்று நாளில் முதல் தடவையாகக் கீழே சேலம் தெரிந்தது. வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள், நடுவில் பாறை மலைகள். கிளம்பும்போது அந்த அம்மா கால் கிலோ மிளகு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. அப்புறம் நண்பன் தன் பையிலிருந்து ஒரு ஜோடி சின்னக் கொலுசு எடுத்துப் பேத்திக்கு என்று கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டார். காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

பேருந்தில் டிரைவர் தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டுகளை முழுச் சத்தத்தில் வைத்திருந்ததால் இயர்ஃபோனுக்கு வேலை இல்லை. இருபதிலிருந்து ஒன்றுவரை வளைவுகள் அந்தப் பாட்டுகளிலேயே போய்விட்டன. நண்பன் எல்லாவற்றையும் கூடவே பாடினான். சுருதி சேரவில்லை.

அடிவாரம் வந்தபோது அவன் போன் அடித்தது.

"தம்பி, உங்க பாட்டுத் தட்டு இங்கயே இருக்குதுங்க."

பெட்டியைத் திறந்து பார்த்தோம். டிரைவ் இருந்தது, டிஸ்க் இல்லை. அட்டைப் பெட்டியோடு மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். முதல் சம்பளத்தில் வாங்கியது. திரும்ப ஏறலாமா என்றேன். அந்த அம்மா போனிலேயே முடிவு செய்துவிட்டார்: "ரெண்டு மணி வண்டியில நம்ம பையன்தான் கண்டக்டருங்க. கொடுத்து விடறேன். நீங்க பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கங்க."

வண்டி மூன்றரைக்கு வந்தது. அதுவரை பேருந்து நிலையத்துக்கு வெளியே இரண்டு டீ, ஒரு தர்பூசணித் துண்டு, ஒரு சண்டை. சண்டை வாக்கெனா ஹெல்சிங்கியா என்பது பற்றி. பழைய மாதிரியே சூடாக நடந்தது, பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சொத்துத் தகராறு என்று நினைத்து, "பேசித் தீத்துக்கங்க தம்பி" என்றார். மருந்துக்கும் சிரிக்காமல் சரி என்றோம்.

கண்டக்டர் தம்பி ஒரு மஞ்சள் பையை நீட்டினார். எவ்வளவு என்று கேட்டதற்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பைக்குள் பழைய நாளிதழில் சுற்றி டிஸ்க். கூடவே நான்கு பேரிக்காய், ஒரு டப்பாவில் இரண்டு பேருக்கான சாமை சோறும் குழம்பும். மேலே இன்னும் சூடு இருந்தது.